குறை சொல்ல ஒன்றுமில்லை!

போன் அலறியது.

விமர்சகர் உடனே எடுக்கவில்லை. நாலைந்து முறை அடிக்கட்டும் என்று விட்டார். காய்ச்சல் என்று காலையிலேயே பத்திரிகைக்குச் சொல்லிவிட்டவன் முதல் மணிக்கே பாய்ந்து எடுத்தால் நன்றாகவா இருக்கும்?

"ஹலோ..." குரலில் கொஞ்சம் நடுக்கம் சேர்த்துக்கொண்டார்.

"சார், நான்தான்..." பத்திரிகை ஆசிரியர். "முதல்ல உட்காருங்க. டைரக்டர்... போயிட்டாரு சார்!"

"எங்கேப்பா போயிட்டான்?"

"ஐயோ, செத்துட்டாரு சார்! எடிட்டிங் ரூம்ல. மத்தியானம் தனியா இருந்திருக்காரு. நாற்காலியிலேயே..."

"டேய்... டேய்ய்..."

விமர்சகர் கதறினார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் நடிப்பைக் கிழித்துத் தொங்கவிட்டவர். தன் நடிப்புக்கு மனதுக்குள் நல்ல மார்க் போட்டுக்கொண்டார்.

"உங்க வருத்தம் புரியுது சார். ஒரே ரூம்ல ஒரே பாயில படுத்தவங்க நீங்க ரெண்டு பேரும். அஞ்சலியை நீங்கதான் எழுதணும். புதுப் படத்தைப் பத்தியும் ரெண்டு வரி. உடனே வேணும்!"

"எழுதறேன்ப்பா. அவனுக்கு நான் எழுதாம வேற யாரு எழுதுவா?"

போனை வைத்தார். கண்ணைத் துடைத்தார்.

சிரிப்பு வந்தது!

ஒரே பாய் என்பது உண்மைதான். சான்ஸ் கேட்டு இருவரும் ஒரே கம்பெனி வாசலில்தான் நின்றார்கள். உள்ளே கூப்பிட்டது ஒருவனை. வெளியே நின்றவர் பேனாவை எடுத்தார்.

அவன் படம் எடுத்தான். இவர் கிழித்தார். புகழ்ந்துகொண்டே வந்து நடுவில் 'ஆனால்' என்று ஒரு வார்த்தை போடுவார். அதோடு படம் காலி! சினிமாக்காரர்கள் இவருக்கு வைத்த பெயரே 'ஆனால் சார்'.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுக வேண்டாம். அவன் கார் மாற்றினால் இவருக்கு வயிறு எரியும். அவனுக்கு மாலை விழுந்தால் இவருக்குக் கழுத்து அரிக்கும்.

இத்தனை வருடமும் அந்த 'ஆனால்'தான் இவரைக் காப்பாற்றியது. எந்தப் படத்திலும் ஏதாவது ஒரு குறை கிடைத்துவிடும். இரவு தூக்கமும் வந்துவிடும்.

இந்தப் படம் வந்தது... தூக்கம் போனது!

நேற்று கடைசிக் காட்சி தவிர மீதி முழுவதையும் போட்டுக் காட்டினான் பாவி. ஒரு குறை இல்லை. ஒன்றுகூட இல்லை!

அதனால்தான் இன்று மத்தியானம் பின்பக்க மாடிப்படி வழியாக எடிட்டிங் ரூமுக்குப் போனபோது இவர் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது. கடைசிக் காட்சி சொதப்பியிருந்தால் அது பையிலேயே இருந்திருக்கும்.

"வாடா! எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. முடிவை உனக்குத்தான் முதல்ல காட்டறேன்."

திரையில் ஒரு பெண். வாசலில் கெஞ்சும் கணவன். 'நான் வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாழிடுகிறாள்.

கிடைத்துவிட்டது! விமர்சகருக்குள் குதூகலம். அதான் கதவைச் சாத்துகிறாளே, அப்புறம் வசனம் எதற்கு?

டைரக்டர் தாடையைச் சொறிந்தான்.

"இந்த வசனம் உறுத்துதுடா."

ஒரு பட்டனைத் தட்டினான். வசனம் போனது. மௌனம்... தாழ்ப்பாள் ஓசை... இருட்டு.

விமர்சகரின் கடைசிக் குறையும் போனது.

"எப்படிடா?"

"ம்."

"ம்-னா?"

"ம்-னா ம்-தான். கை கழுவிட்டு வா, காபி குடி. நான் கிளம்பறேன்."

டைரக்டர் கை கழுவப் போனான். பிளாஸ்க் மூடி திறந்தது. பொட்டலம் காலியானது.

இப்போது அஞ்சலி.

கை தானாக ஓடியது. செத்தவன் மேல் என்ன பொறாமை? அள்ளி அள்ளிப் புகழ்ந்தார். ஒரு 'ஆனால்' இல்லை. திரையில் பார்த்ததை அப்படியே எழுதித்தானே அவருக்குப் பழக்கம்? அதையும் எழுதினார்.

*'கடைசிக் காட்சியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தாழ்ப்பாள் பேசுகிறது. அந்த மௌனத்துக்காகவே அவனைக் கும்பிடலாம்.'*

அனுப்பினார். நிம்மதியாகப் படுத்தார்.

காலிங் பெல்!

வாசலில் இன்ஸ்பெக்டரம்மா. கையில் செல்போன்.

"காய்ச்சல் எப்படி சார் இருக்கு?"

"விட்டபாடில்லம்மா. காலையிலேர்ந்து படுக்கையை விட்டு எழுந்திரிக்கல."

"பாவம். உங்க அஞ்சலியைப் படிச்சேன். அழுதுட்டேன் சார். ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு பேசலைன்னு எழுதியிருக்கீங்க. பேசுறாளே?"

"எங்கேம்மா பேசுறா? மௌனம்தான் அந்தக் காட்சியே!"

"எடிட்டர் சாப்பிடப் போற வரைக்கும் பேசியிருக்கா. திரும்பி வந்து பார்த்தா வசனம் இல்ல. டைரக்டர் நாற்காலியில சாஞ்சு கிடக்கறாரு. நடுவுல வெட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விமர்சகர் இரண்டு முறை இருமினார்.

"அது... அவன் போன்ல சொன்னான்!"

"எடிட்டிங் ரூமுக்குள்ள அவரு போனே கொண்டு போகமாட்டாரு. கீழே கார்ல இருந்துச்சு."

"கற்பனைம்மா! ஒரு விமர்சகனுக்குக் கற்பனை இருக்கக் கூடாதா?"

"தாழ்ப்பாள் வரைக்குமா?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க வந்துட்டுப் போனதை எங்களுக்குச் சொல்லிட்டாங்க சார். ஆதாரம்தான் இல்ல. கேட்டா காய்ச்சல்னு சாதிப்பீங்க. அதான் உங்க கையாலேயே எழுத வெச்சோம்."

"நான் வந்தேன்னு... யாரு சொன்னா? அங்க யாருமே இல்லையே!"

சொல்லிவிட்டுத்தான் உதட்டைக் கடித்தார்.

இன்ஸ்பெக்டரம்மா சிரித்தாள். செல்போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தான்டா சொன்னேன்."

அந்தக் குரல்!

டைரக்டரேதான்!

"ஒரு வாய்தான் குடிச்சேன், கசந்துச்சு, துப்பிட்டேன். ஆஸ்பத்திரியில குளுகோஸ் ஏறுது. அஞ்சலி ஐடியாவும் என்னுதுதான். படம் பார்த்துட்டு எழுதாம இருக்க உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஏன்டா பொழைச்சே..." விமர்சகருக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது. "எல்லாமே உனக்குத்தானா? சாவுல கூட என்னை ஜெயிக்கணுமா? ஒரு குறை வெச்சிருக்கக் கூடாதாடா அந்தப் படத்துல? ஒரே ஒரு குறை!"

இன்ஸ்பெக்டரம்மா விலங்கை எடுத்தாள்.

பிறகு டைரக்டரின் குரல் மெதுவாக வந்தது.

"சரிடா. அடுத்த படத்தைச் சுமாராவே எடுக்கறேன்... எனக்கு உயிர் முக்கியம்!"