பாட் விழுங்கிய வாக்கியம்

"மகளுக்குக் கல்யாணம் சார். மதுமிதாவுக்குப் பத்திரிகை வைக்கலாமா, வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள் ஜெயஸ்ரீ.

செஞ்சிக் கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் அஜித்நாதனிடம் துப்புக் கேட்டும் ஆட்கள் வருவார்கள். அவருடைய உதவியாளன் சேரன், குற்றவாளியை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு குற்றத்தைத் தேடுகிறவன்.

ஜெயஸ்ரீ கல்லூரியில் படித்தபோது, செஞ்சிப் பிள்ளைகளுக்கென்று இணையத்தில் ஓர் அரட்டை அறை இருந்தது. பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்த பொன்னான காலம். ஆள் இல்லாதபோது வரும் செய்தியை வாங்கி வைத்து, வந்ததும் கொடுக்க அங்கே ஒரு பாட், அதாவது தானாக இயங்கும் நிரல். அதற்கு ஸ்கிரிப்ட் எழுதியவன் கூடப் படித்த பார்த்திபன். 'என் கல்யாணத்துக்கு வருவியா?' என்று தொண்டூர்த் தோழி மதுமிதாவை அறையில் நேரடியாகக் கேட்டுவிட்டு, நேரம் முடிந்து எழுந்துவிட்டாள். பாட் கொடுத்த பதில், 'வரமாட்டேன்'. அதோடு பேச்சு நின்றது.

"அதுக்கு முன்னாடியும் திமிருதான் சார். என் பொறந்தநாளுக்கு 'இனிய'ன்னு மட்டும் அனுப்பியிருந்தா."

அஜித்நாதன் நிமிர்ந்தார். "மத்தவங்க இன்னா அனுப்புவாங்க?"

"'சரி', 'வரேன்', 'ஓகே'. சென்டர்ல நேரம் ஓடும், யாரு நீட்டி அடிப்பா? மதுதான் வாயாடி."

"பார்த்திபன்தான் சார் வெட்டியிருக்கான்!" என்று குதித்தான் சேரன்.

பார்த்திபன் மறுநாள் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு வந்து, ஜெயஸ்ரீயின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான். அஜித்நாதன் ஸ்கிரிப்டைத் திறந்தார்.

"யாரும் வெட்டல. வர்ற வரியில ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நம்பர். $1 யாருக்குன்ற பேரு. $2 அடுத்த வார்த்தை, அது மட்டும்தான். மிச்சமும் வேணும்னா $2-ன்னு பின்னாடி ஒரு கோடு போடணும். இங்க கோடு இல்ல."

'ஜெயா நாளைக்கு கோட்டைக்கு போலாமா' என்று தட்டினார். திரையில் வந்தது 'நாளைக்கு' மட்டும்.

"அப்ப ஏன் சார் யாருக்கும் தெரியல?" என்றான் சேரன்.

"எல்லாரும் ஒத்த வார்த்தையில முடிச்சிட்டாங்க. மாட்டுனது வாயாடி ஒருத்திதான். 'இனிய'ன்னு சொல்லிட்டு யாராச்சும் நிறுத்துவாங்களா?"

"மன்னிச்சிடு ஜெயா" என்றான் பார்த்திபன்.

"மீதி இன்னா எழுதினா சார்?"

"அது இந்த மெஷின்ல இல்லம்மா. தொண்டூர்லதான் இருக்குது."

அன்று மாலையே ஜெயஸ்ரீ தாம்பூலத் தட்டோடு தொண்டூரில் நின்றாள். கதவைத் திறந்த மதுமிதா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தட்டையே பார்த்தாள்.

"'வரமாட்டேன் போடி, நீ நேர்ல வந்து நைனாகிட்ட பத்திரிகை வைக்கிற வரைக்கும்'னு அடிச்சேன். நீ வருவேன்னு நைனா கழனிக்குக் கூட போவாம வூட்லயே இருந்தாரு."

கூடத்தில் மதுமிதாவின் அப்பா படத்துக்கு மாலை போட்டிருந்தது. ஜெயஸ்ரீ பத்திரிகையை அதன் கீழே வைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.