ஏழாவது நூல்

காலை ஒன்பது மணி. பேராசிரியரின் அறையில் பாதி வலை கொக்கியில் தொங்கியது. மீதி தரையில் பிணம் மாதிரிக் கிடந்தது.

மர மணிகளை நூலால் பிணைத்து அவர் வருடக்கணக்காகக் கட்டிய வலை அது. கணிதத் துறையில் அவருக்குச் ‘சிலந்தி’ என்றே பெயர். எத்தனை இணைப்பு அறுந்தால் ஒரு பின்னல் இரண்டாகும் என்பதிலேயே தலைமுடியை நரைக்கவிட்டவர். இந்த வலையை ஏழு நூலுக்குக் குறைவாக அறுத்துப் பிரிக்கவே முடியாது என்பது அவருடைய தேற்றம். பேரும் விருதும் வாங்கித் தந்தது அதுதான். மறுநாள் அவருடைய ஓய்வு விழாவில் வலையை மேடையேற்றுவதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா பூட்டைப் பார்த்தார். கீறல்கூட இல்லை. சாவி இரண்டே பேரிடம்: ஒன்று பேராசிரியரிடம், இன்னொன்று அவரிடம் ஆய்வு செய்யும் மாணவியிடம்.

“நேத்து உங்களுக்குள்ள சண்டையாமே?”

“ஆமா மேடம்,” என்றாள் மாணவி. “ஏழு வேண்டாம், ஆறே போதும், தேற்றம் தப்புன்னு சொன்னேன். வலையிலயே காட்டுறேன்னு கிட்டப் போனேன். வெளிய போடின்னு கத்தினாரு.”

“அந்த ஆத்திரத்துல வெட்டிட்டியா?”

“நான் ஏன் மேடம் வெட்டணும்? இது முழுசா இருந்தாத்தானே என்னால நிரூபிக்க முடியும்?”

புகாரில் அவள் பெயர் உறுதியானால் அன்றைக்கே ஆய்வு ரத்து என்று துறைத்தலைவர் சொல்லியாகிவிட்டது. படித்த படிப்பெல்லாம் வீணாய்ப் போய்விடும்.

பேராசிரியர் வாசலுக்கு வெளியே நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“கதவைத் திறந்தேன், பாத்தேன், அப்படியே நின்னுட்டேன். உள்ள காலே வைக்கல.”

“ஆனா ஏழு நூலை அறுத்துட்டான்னு போன்ல சொன்னீங்களே. உள்ள போகாம எப்படி எண்ணினீங்க?”

அவர் ஏளனமாகச் சிரித்தார். “எண்ணணுமா? பாதி கீழ கிடக்கு. ஏழு அறுக்காம அது விழாது. கணக்கு தெரிஞ்சவனுக்கு அது போதும்.”

இன்ஸ்பெக்டர் உள்ளே போய் அறுந்த நூல்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். ஏழேதான். பக்கத்து நூலில் கத்தரி பட்ட தடம்கூட இல்லை.

“ஆத்திரத்துல வெட்டினவ கண்டபடி வெட்டியிருப்பா,” என்றார் வெளியே வந்து. “கணக்குப் பாத்து வெட்டியிருந்தா ஆறோட நிறுத்தியிருப்பா. ஏழு நூலை எண்ணி வெட்டி, உங்க தேற்றம் சரின்னு அவளே எதுக்கு சாட்சி சொல்லணும்? இது ஏழு வேணும்னு நம்புற ஆளோட வேலை. அதுக்கு மேல ஒரு நூல்கூட அறுக்க மனசு வராத ஆள். கட்டினவரு. அவ வாயை அடைக்க நீங்கதான் வெட்டினீங்க சார்.”

“ஆறாவது, மண்ணாவது!” என்று பேராசிரியர் துள்ளி எழுந்தார். “வாயால சொல்லிட்டா ஆயிடுமா?”

“போட்டோ எல்லாம் எடுத்தாச்சு,” என்று இன்ஸ்பெக்டர் மாணவியிடம் கத்தரிக்கோலை நீட்டினார். “காட்டும்மா.”

அவள் முக்காலியில் ஏறினாள். பேராசிரியர் அறுத்த இடத்துக்கு எட்டத்தில், மேல் மூலை மட்டும் கத்தரி படாமல் முழுசாக இருந்தது. அங்கே நூலை ஒவ்வொன்றாக அறுத்தாள். ஆறாவது அறுந்ததும் ஒரு கொத்து மணிகள் மொத்தமாகக் கழன்று தடதடவென்று தரையில் விழுந்தன.



“நேத்து ஒரு நிமிஷம் அவ காட்ட வந்ததைப் பாத்திருந்தீங்கன்னா ஆறுதான் அறுத்திருப்பீங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “பழி கச்சிதமா அவ தலையில விழுந்திருக்கும். பாக்கவே பயந்துட்டீங்க.”

மாணவி இறங்கினாள். “வேற யார்கிட்டயும் சொல்லல சார். உங்ககிட்டதான் முதல்ல வந்தேன். சேந்து திருத்தலாம்னு நெனச்சேன்.”

அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணிகளுக்கு நடுவே முட்டி போட்டு, அறுந்த முனைகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

“எந்த ஆறும்மா?” என்றார்.

அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.