போதுமான டீசல்

“மன்னிக்கவும். இந்த டீசல் ஏற்றதல்ல. அடுத்த நிலையத்தைப் பார்க்கலாம்” என்றது வண்டி. சொன்ன கையோடு டாங்கின் மூடியையும் சாத்திக்கொண்டது.

மாரீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இது மூன்றாவது பங்க். விருதுநகரில் இருட்டோடு கிளம்பி, மதுரையைத் தாண்டி, வாடிப்பட்டியைத் தாண்டி, இப்போது வத்தலக்குண்டில் வந்து நிற்கிறார்கள். இதற்கு மேல் கொடைக்கானல் வரை மலைப்பாதை. வழியில் இன்னொரு பங்க் கிடையாது. கொடைக்கானலில் பகல் பதினொரு மணிக்கு அவள் மகள் யாழிசைக்குப் பதிவுத் திருமணம். “வந்தா வாங்க. உங்களுக்காக அன்னைக்கும் காத்திருக்க முடியாது” என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். ‘அன்னைக்கும்’ என்ற சொல் மாரீஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்து, இன்னும் வெளியே வரவில்லை.

பக்கத்தில் அவள் கணவர் ஜெயமுருகன், கையில் பிடித்த டீசல் குழாயோடு, பந்தியில் இலை கிடைக்காதவர் போல நின்றார்.

“நல்ல டீசல்தான் ஈஸ்வரி. நானே மோந்து பாத்தேன்” என்றார்.

“அதை என்கிட்ட சொல்லி என்ன செய்ய? அதுகிட்ட சொல்லுங்க.”

அது என்பது வண்டியின் சுவையறி. பூமியிலிருந்து எடுத்த டீசல் அரிதாகிப்போன பிறகு ஊருக்கு ஊர் பங்க்காரர்களே டீசல் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். ஓர் ஊரில் புங்கங்கொட்டை, ஓர் ஊரில் குளத்துப் பாசி, பலகாரக் கடைகள் நிறைந்த ஊர்களில் வடை சுட்டு மீந்த எண்ணெய். எல்லாம் எரியும். ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் எரியாது. வடை எண்ணெய் டீசல் சமவெளியில் சமர்த்தாக ஓடும். மலைக்குளிரில் தேங்காயெண்ணெய் உறைகிற மாதிரி உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். பாசி டீசல் குளிரைத் தாங்கும், ஆனால் வாடை வீசும். அவர்களுடையதோ வீட்டுவண்டி. உள்ளே படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் உண்டு. இரவில் அறையைச் சூடாக்கும் கணப்பும் அதே டாங்கிலிருந்துதான் குடித்தது. தப்பான டீசலைப் போட்டால் வண்டி நின்றுபோகும். அரைகுறையான டீசலைப் போட்டால் போர்வை வரைக்கும் நாறும்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாகத்தான் சுவையறி வந்தது. டாங்கின் வாயில் உட்கார்ந்து, நான்கு சொட்டு நக்கிப் பார்த்து, ஆகும் ஆகாது என்று சொல்லிவிடும். ஜனங்கள் அதை நாக்கு என்றார்கள். முதல் சில மாதங்கள் பழகுகாலம். சொந்தக்காரர் எதை ஏற்கிறார், எதைத் தள்ளுகிறார் என்று பார்த்துக்கொண்டே வரும். பிறகு அவர் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

அந்தச் சொந்தக்காரர் ஜெயமுருகனாக வாய்த்ததுதான் வினை. அவர் வத்தல் மண்டியில் மிளகாய் வத்தல் தரம் பார்த்தவர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு வத்தலை எடுத்து, ஒடித்து, மோந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அடுத்த மூட்டை” என்பார். முப்பது வருஷம் அந்த ஒரு சொல்லிலேயே பிழைத்தார். மண்டியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காய்கறிக் கடையிலும் அதேதான், ஜவுளிக் கடையிலும் அதேதான். பெண் பார்க்க வந்த வீட்டார்களிடமும் அதே கையைத்தான் விட்டார். ஒரு பையன் மூக்கால் சிரித்தான். ஒருவன் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயைத் தொடவே இல்லை. இன்னொருவன் நல்ல பையன்தான். “அதான் சந்தேகமா இருக்கு, இவ்வளவு நல்லவன் ஏன் இன்னும் கல்யாணம் ஆகாம இருக்கான்?” என்று அவனையும் தள்ளினார். யாழிசை முப்பதைத் தாண்டி, கொடைக்கானலில் வேலை தேடிக்கொண்டு போய், அங்கே காய்கறிக் குளிர்கிடங்கு வைத்திருக்கும் பிரணவைத் தானே பார்த்துக்கொண்டாள். அதற்கும் இவருக்கு ஒரு குறை இருந்தது. பையன் சிரித்தால் பல் எல்லாம் தெரிகிறதாம்.

இன்றைக்கும் அதே கதைதான். “மலைக்கு ஏத்த டீசல் மலைக்குப் பக்கத்துலதான் கிடைக்கும்” என்று ஊரில் டாங்கை நிரப்பாமல் கிளம்பினார். மதுரை பங்க்கில் நாக்கு சொல்வதற்கு முன்னால் இவரே மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். வாடிப்பட்டியில் நாக்கு தள்ளியது. “பாத்தியா, என்ன அறிவு” என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தார். வத்தலக்குண்டில் மலை ஏறுகிறவர்களுக்கென்றே காய்ச்சிய பாசி டீசல் இருந்தது. மோந்தார், விரலில் தடவிப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் முறையாக “இது சரி” என்றார். அதை வண்டி வேண்டாம் என்கிறது.

“ஏன் வேண்டாம்? காரணத்தைச் சொல்லு” என்றார் வண்டியிடம்.

“லேசாகக் குளத்து வாடை இருக்கிறது.”

“பாசின்னா வாடை இருக்கத்தான் செய்யும். குளிருக்குத் தாங்குமா தாங்காதா?”

“நன்றாகத் தாங்கும். ஆனாலும் அடுத்த நிலையத்தில் இதைவிட மேலானது இருக்கக்கூடும்.”

“அடுத்த நிலையமே கெடையாதுய்யா.”

“இருக்கக்கூடும்” என்றது வண்டி, பொறுமையாக.

பங்க்கில் வேலை பார்த்த ஆள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவன் சட்டைப்பையில் பெருமாள்ராஜ் என்று தைத்திருந்தது. “அண்ணே, ஒரு சுத்து சுத்திட்டு அந்தப் பக்கத்து வாசல் வழியா வாங்க. அடுத்த பங்க்குன்னு நெனச்சுக்கிடும். நேத்து ஒரு வண்டிய அப்படித்தான் ஏமாத்துனோம்” என்றான்.

அதையும் செய்தார்கள். பேருந்து நிலையம் வரை போய், திரும்பி, மேற்கு வாசலில் நுழைந்து நின்றார்கள். போகிற வழியில் மாரீஸ்வரி பேருந்து நிலையத்தை எட்டிப் பார்த்தாள். கொடைக்கானல் பேருந்து அப்போதுதான் புறப்பட்டு வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அடுத்ததில் ஏறினால் முகூர்த்தம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

நாக்கு நான்கு சொட்டு நக்கியது. “இது அதே நிலையம்” என்றது. “வேறு வாசல்.”

பெருமாள்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். ஜெயமுருகனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

“நீ யாரு எனக்குச் சொல்ல? என் வண்டி, என் டாங்க்கு. நான் போடச் சொல்றேன்.”

“நீங்கள் சொல்வதைத்தான் செய்கிறேன்” என்றது வண்டி. “பழகுகாலத்தில் முதலில் நின்ற எந்த நிலையத்திலும் நீங்கள் டீசல் போட்டதில்லை. ஒருமுறை நிறம் என்றீர்கள், ஒருமுறை வாடை. ஒருமுறை போடுகிறவரின் முகம் சரியில்லை என்றீர்கள். காரணம் மாறியது, முடிவு மாறவில்லை. நிற்கிற இடத்தில் உள்ளதைவிட அடுத்த இடத்தில் உள்ளது மேலானது. இதுவே நான் கற்றது. முள் சிவப்பைத் தொட்ட பிறகு மட்டும், வேறு வழியில்லாமல், கிடைத்ததைப் போட்டீர்கள். இப்போதும் முள் சிவப்பைத் தொட்டால் ஏற்றுக்கொள்வேன்.”

“அது மலையில பாதி வழியிலதான தொடும்.”

“அப்போது யோசிக்கலாம்.”

“இப்படி ஒரு பிடிவாதத்தை நான் எங்கயும் பாத்ததில்ல” என்றார் ஜெயமுருகன் கடைசியில். அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதுதான் மாரீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

அவளுக்கு இரண்டு பேர் மேலும் ஒரே அளவு கோபம் வந்தது. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் பட்டது போதாதென்று, இவரையே அச்சாக வார்த்து ஒரு யந்திரத்துக்குள்ளும் வைத்திருக்கிறார்கள். வண்டிக்குள்ளே மகளுக்கென்று வாங்கிய அரக்குப் பட்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. நேற்று ராத்திரி உட்கார்ந்து பிடித்த ரவா லட்டு டப்பாவில் இருந்தது. இதெல்லாம் பங்க்கிலேயே கிடக்க, அங்கே பெண் தாயில்லாப் பிள்ளை மாதிரி தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

“நீ யாரு சொன்னாத்தான் கேப்ப?” என்றாள். கேட்ட பிறகுதான், இந்த வண்டியிடம் தான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

வண்டி உடனே பதில் சொன்னது.

“நீங்கள் சொன்னால் கேட்பேன். வண்டி இருவர் பெயரிலும் இருக்கிறது. நான் தள்ளுவது அவர் சார்பில்; ஒருவர் தள்ளியதை மற்றவர் ஏற்கலாம். ஒவ்வொரு நிலையத்திலும் அவர் வேண்டாம் என்ற பிறகு, உங்கள் சொல்லுக்காக ஏழு நொடி காத்திருந்தேன். நீங்கள் எதுவும் சொன்னதில்லை. உங்களுக்கும் அதுவே விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.”

அந்த நொடிகளில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மாரீஸ்வரி யோசித்துப் பார்த்தாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மனதுக்குள் இவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் அவ்வளவு சத்தமாகத் திட்டியது வெளியே யாருக்கும் கேட்கவில்லை என்பது அவளுக்கே புதுச் செய்தியாக இருந்தது.

“போடு” என்றாள். “இது போதும்.”

டாங்கின் மூடி திறந்துகொண்டது. “இது சரியான டீசலா என்று என்னால் உறுதி சொல்ல இயலாது” என்றது வண்டி.

“சரியானத யாரு கேட்டா? போதும்னு சொன்னேன்.”

பெருமாள்ராஜ் குழாயை வாங்கி நிரப்பத் தொடங்கினான். “அக்கா இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றான். அவன் வேலையைப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் சொன்னான்.

வண்டி ஒரு குறையுமில்லாமல் மலை ஏறியது. லேசாகக் குளத்து வாடை அடித்தது. நான்காவது வளைவுக்குப் பிறகு அதுவும் பழகிப்போனது. முன்னால் ஒரு காய்கறி லாரி ஊர்ந்துகொண்டு போனது. அதை முந்தவும் முடியவில்லை, திட்டியும் பயனில்லை. கொடைக்கானலில் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் வண்டி நின்றபோது மணி பதினொன்றரையைத் தாண்டிவிட்டது.

மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் பக்கம் திரும்பி, இதுவரை சொல்லாததையெல்லாம் சேர்த்து வைத்துச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வண்டிக் கதவு திறந்தது. யாழிசை ஏறி வந்தாள். தலையில் பூ இருந்தது. கழுத்தில் மாலை இல்லை.

“முடிஞ்சிருச்சாம்மா?” என்றாள் மாரீஸ்வரி.

“இல்ல.” யாழிசை படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “எங்க முறை வந்துச்சு. பின்னாடி நின்னவங்களுக்கு விட்டுக்கொடுத்துட்டேன். திரும்ப ஒருக்கா வந்துச்சு. அப்பவும் விட்டுக்கொடுத்துட்டேன். பிரணவ் ஒண்ணும் சொல்லல, உள்ள உக்காந்திருக்காரு.”

“எங்களுக்காகவா?”

“உங்களுக்காகன்னு அவர்கிட்ட சொன்னேன்.” யாழிசை புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “நெசமா அது இல்லம்மா. கையெழுத்துப் போடப் போகும்போது ஒரு நெனப்பு. இவர் சரிதானா, கொஞ்சம் பொறுத்தா இதவிட நல்லதா அமையுமோன்னு. இதுல ஒரு குறையும் இல்ல. ஆனாலும் வருது. அடுத்த மாசம் பாத்துக்கிட்டா என்னன்னு தோணுது.”

ஜெயமுருகனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவம், அவருக்கே தெரியாமல் வந்தது. “அதுவும் யோசிக்க வேண்டியதுதான். அவசரப்பட்டு...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் மாரீஸ்வரி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவர் நிறுத்திவிட்டார். பிறகு அவள் மகளுக்கு எதிரில் போய் நின்றாள்.

“உனக்கு அவரப் புடிச்சிருக்கா?”

“புடிச்சிருக்கு.”

“உன்ன நல்லாப் பாத்துக்கிடுறாரா?”

“ம்.”

“அப்ப அது போதும். எந்திரிச்சு வா.”

யாழிசை எழுந்திருக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்தது நன்றியில்லை. அது கோபம் என்று மாரீஸ்வரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“இத ஏம்மா இத்தன வருஷமாச் சொல்லல? வீட்டுக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரையும் அப்பா வேண்டாம்னு சொல்லும்போது நான் உன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அந்த முருங்கைக்காய் திங்காதவர எனக்குப் புடிச்சிருந்துச்சு. நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னு நெனச்சேன். நீ காபி டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்ட. உனக்கும் வேண்டாம் போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.”

மாரீஸ்வரி கணவரைப் பார்த்தாள். அவர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து அவர் மேலும் வண்டி மேலும் மாறி மாறிப் பட்ட கோபம் இப்போது போய் நிற்க இடமில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது.

அவள் அரக்குப் பட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினாள். குளிர் முகத்தில் அறைந்தது. அலுவலகத்துக்குள் யாரோ பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி, திறந்த கதவுக்குள் இருந்த மகளுக்குக் கையை நீட்டினாள். யாழிசை அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மாரீஸ்வரி கையைக் கீழே இறக்காமல் காத்துக்கொண்டு நின்றாள்.