வெறும் வயிறு

போன் அலறியது!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த இன்ஸ்பெக்டர் புரண்டு கையை நீட்டினாள். கட்டில் முனகியது.

"ஹலோ?"

"மேடம்... அந்த ஆபரேஷன் மேசை மேல ஏறாதீங்க! ஏறினா... எறங்க மாட்டீங்க!"

பெண் குரல். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

"யாரும்மா நீ?"

டொக்!

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. மிரட்டல் போன் அவளுக்குப் புதிதா என்ன? கொஞ்ச நாள் வராவிட்டால்தான் வேலை போய்விட்டதோ என்று பயப்படுவாள்.

வாசலில் காவலுக்கு நின்ற பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டாள்.

"இந்த நம்பர் யாருதுன்னு பாரு. சீக்கிரம்!"

கான்ஸ்டபிள் ஓடினாள். இன்ஸ்பெக்டர் விட்டத்தைப் பார்த்தாள்.

இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடுவார்களாம். மிச்சம் ஒரு வாழைப்பழ அளவு. சாப்பாடு குறையும், உடம்பு வற்றும். சரியென்று சொல்லி வந்து படுத்தாயிற்று. மனசு மட்டும் இன்னும் சரியென்று சொல்லவில்லை.

செய்துகொள்வதா? எழுந்து போய்விடுவதா?

போன மாதம் ஒரு சங்கிலித் திருடனைத் துரத்தினாள். மூன்றாவது தெருவில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படுபாவி திரும்பி வந்து, "தண்ணி வேணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனான்! ஸ்டேஷனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேலதிகாரி கூப்பிட்டார்.

"ஒண்ணு, உடம்பைக் குறைங்க. இல்ல, ரிக்கார்டு ரூம்ல உக்காந்து தூசி தட்டுங்க!"

வீட்டில் இன்னும் மோசம். கணவன் ஜிம் நடத்துகிறான். கண்ணாடியைப் பார்த்தே பசியாறுகிற ரகம். கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் தட்டைக் காவல் காத்துவருகிறான். இரண்டாவது கரண்டி சோறு போட்டால் போதும்...

"நிறுத்துடி! தரை தாங்காது!"

விருந்தாளிகள் முன்னால்!

ஜிம்முக்கு வருகிறவர்கள் அவனைக் கிண்டலடிக்கிறார்களாம். பொண்டாட்டியை இளைக்க வைக்க முடியாதவன் ஊரை இளைக்க வைக்கப் போகிறானா என்று. அந்த எரிச்சலையும் கொண்டுவந்து அவள் தலையில்தான் கொட்டுவான். ஆபரேஷனுக்கு நச்சரித்து நச்சரித்துத் தேதி வாங்கியவனும் அவன்தான்.

கதவு திறந்தது.

அவனேதான். முறுக்கேறிய புஜம். தோளில் பை. முகத்தில்... அட, சிரிப்பு!

"என்ன, பயமா இருக்கா?"

"ஒரு மாதிரி இருக்குங்க. வேணாம்னு சொல்லிடலாமான்னு..."

"பைத்தியம்! பசியில அப்படித்தான் தோணும். இந்தா..."

பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே கேக்! மேலே விரல் கனத்துக்கு க்ரீம்!

"ஐயோ, ராத்திரியிலேருந்து எதுவும் சாப்பிடக் கூடாதுன்னாங்களே?"

"ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா பயமுறுத்துவாங்க. ஒரு துண்டு கேக்குல என்ன ஆயிடும்? வாயைத் திற."

"நீங்களா... எனக்கு ஊட்டறீங்க?"

"ஏன், என் பொண்டாட்டிக்கு நான் ஊட்டக் கூடாதா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேரை விசாரித்துக் கிழித்தவள்! ஒரு வாய் கேக்குக்கு உருகிப்போனாள்.

விழுங்கினாள்.

"இன்னொரு வாய்."

விழுங்கினாள்.

"போதுங்க."

"எங்க போதும்? இன்னும் ஒண்ணு! நல்லா சாப்பிடு!"

இன்ஸ்பெக்டர் மெல்லுவதை நிறுத்தினாள்.

இன்னும் ஒண்ணா? இந்த வாயா சொல்கிறது?

அவளுக்குள்ளிருந்த போலீஸ்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

அவன் அவசர அவசரமாக அவள் உதட்டைத் துடைத்தான். பெட்டியைக் குப்பைக் கூடையில் போடவில்லை. தன் பைக்குள் திணித்தான்.

"டாக்டர்கிட்ட மூச்சு விடாத. தேதியைத் தள்ளிடுவாங்க. அப்புறம் ரிக்கார்டு ரூம்தான் உனக்கு!"

மறுபடி கதவு திறந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்.

"கிளம்பலாமா மேடம்? வெறும் வயித்தோடதானே இருக்கீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்தினான்.

"பச்சைத் தண்ணி கூடப் படலை டாக்டர்! நான்தான் பக்கத்துலயே இருக்கேனே!"

"குட். ஏன் கேக்கறேன்னா, மயக்கத்துல இருக்கறப்ப வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். உயிரே போகலாம். நேத்து இவர்கிட்ட விவரமா சொன்னேனே!"

"நேத்தே சொன்னீங்களா?"

"துருவித் துருவிக் கேட்டார் மேடம்! ஒரு வாய் சாப்பிட்டாலே ஆபத்தா, நிறைய சாப்பிட்டாத்தானான்னு கூடக் கேட்டார். இவ்வளவு அக்கறையான புருஷனை நான் பாத்ததே இல்ல!"

இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினாள். ஊட்டிய கையைப் பார்த்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினாள். நடந்துபோய் வாசலில் நின்றாள்.

"டாக்டர், நான் சாப்பிட்டேன். கேக். இவர் கையால! பெட்டி அந்தப் பைக்குள்ள இருக்கு!"

டாக்டரின் முகம் வெளுத்தது.

கணவன் பாய்ந்தான்! வாசலைப் பார்த்து, முழு வேகத்தில்...

மோதினான்.

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. புஜத்தோடு, முறுக்கோடு, அவன்தான் தரையில் கிடந்தான். தரை தாங்கியது.

கான்ஸ்டபிள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மேடம்! போன் பண்ணினது இவர் ஜிம்முல வேலை பாக்கற பொண்ணு! 'அவ மேசையிலேருந்து எறங்க மாட்டா, அடுத்த மாசம் நமக்குக் கல்யாணம்'னு இவர் சொன்னாராம்! பயந்துபோய் உங்களுக்குப் போன் போட்டிருக்கா!"

"விலங்கை மாட்டு!"

கணவன் கீழே கிடந்தபடியே கத்தினான்.

"விவாகரத்து கேட்டா நீ என்னை லாக்கப்ல தள்ளியிருப்பேடி!"

"இப்ப மட்டும் எங்க போறீங்களாம்?"

கான்ஸ்டபிளும் ஆஸ்பத்திரிக் காவலாளிகளும் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஆபரேஷன் முடியாது மேடம். வேற தேதி தரட்டுமா?"

இன்ஸ்பெக்டர் கட்டிலில் உட்கார்ந்தாள். மனசில் இருந்த குழப்பம் கலைந்திருந்தது.

"மத்தவங்க சிரிக்கறாங்கன்னு வந்து படுத்தேன் டாக்டர். இனிமே எவன் சிரிச்சாலும் வர மாட்டேன். ரிக்கார்டு ரூம்னா அதையும் பாத்துக்கறேன். என் முழங்கால் என்னைக்குக் கெஞ்சுதோ, அன்னைக்கு நானா வர்றேன்."

"அதுவரைக்கும் எடை..?"

ஜன்னலுக்கு வெளியே ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"அவசரமில்ல டாக்டர். எண்பது கிலோவை இப்பதான் ஜீப்புல ஏத்தி அனுப்பியிருக்கேன்!"