சிவப்பியின் விலாவில் ஒரு மூடி

கிட்டங்கியில் ஆற்றைக் கடக்கிற தாழ்பாலமான தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயத் தொடங்கிவிட்டால் கல்முனை ஒரு கரை, சவளக்கடை மறு கரை. மாரி பிறந்தால் வருஷா வருஷம் நடக்கிற சங்கதிதான் இது. அன்றைக்கு மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் காலிதீன் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தத் தாம்போதியைக் கடந்தபோது தண்ணீர் கணுக்காலுக்குத்தான் நின்றது. புத்தியுள்ளவன் அத்தோடு திரும்பியிருப்பான்.

அதுவும் வீட்டில் மனைவி கைருன்னிஸாவுக்கு விடியற்காலையே நோவு கண்டிருந்தது. தலைப்பிள்ளை. மருத்துவிச்சி வந்து பார்த்து, இன்னும் நேரம் கிடக்கிறது என்றாள்.

"போறதெண்டா இப்பவே போய்ட்டு வாங்க மகன்" என்றாள் மாமி. "பின்னேரம் அஸருக்கு முன்னுக்குத் திரும்பி ஊட்ட நிக்கணும்."

அவனுக்கும் அதுதான் ஆசை. பிள்ளை கண் திறக்கிறபோது பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் போகாமல் இருக்கவும் முடியவில்லை. சவளக்கடைக்கு அப்பால் வயல் நடுவே இருந்த தீவன ஆராய்ச்சி நிலையத்தில் அவன் உதவி உத்தியோகத்தர். யூரியா கலந்து ஊறவைத்த வைக்கோல் மாட்டின் வயிற்றில் எவ்வளவு சீக்கிரம் செரிக்கிறது என்று பார்க்கிற வேலை. வைக்கோலைச் சின்ன நைலோன் பைகளில் கட்டி மாட்டின் இரைப்பைக்குள் போட்டு, குறித்த நேரத்தில் எடுக்கவேண்டும். நேரம் தப்பினால் அந்தப் போகத்துப் பாடு முழுக்கப் பாழ்.

மாட்டின் வயிற்றுக்குள் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சிவப்பி இருந்தாள். அவளுடைய இடது விலாவுக்குப் பின்னால் வைத்தியர்கள் வட்டமாக வெட்டி ஒரு வாசல் வைத்து, அதற்கு இறப்பர் மூடி போட்டிருந்தார்கள். அவளுக்கு அதனால் நோவும் இல்லை, நொடியும் இல்லை. தின்பாள், அசை போடுவாள், மூடியைத் திறந்தால் திரும்பிப் பார்ப்பாள்.

தாம்போதியில் பாசி வழுக்கிக் காலிதீன் விழுந்ததில் சைக்கிள் கம்பி இடது உள்ளங்கையைக் கிழித்திருந்தது. நிலையத்துக்கு வந்ததும் துணியைச் சுற்றிக் கட்டினான். கொட்டிலுக்குள் ஈர வைக்கோலும் யூரியாவும் சேர்ந்த நெடி மூக்கில் ஏறியது. மற்ற மாடுகளை மேட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போயிருந்தான் மாடு பார்க்கிற வீரமுனைக்காரன் கனகரெத்தினம். சிவப்பி மட்டும் கட்டையில் நின்றாள். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று காற்று வந்தது. கயிற்றை இழுத்தான்.

கயிறு வந்தது. பைகள் வரவில்லை. முடிச்சை யாரோ நிதானமாக அவிழ்த்துவிட்டதுபோல் கயிற்று நுனி நேராக இருந்தது.

கையை விட்டுத்தான் எடுக்கவேண்டும். நீளக் கையுறை கிழிந்து மாதக்கணக்கு. கொழும்பிலிருந்து வரும், வரும் என்றார்கள், வந்தபாடில்லை. சாணிச் சங்கதிக்கு இடது கை, சோற்றுக்கு வலது கை என்பது அந்த நிலையத்து உத்தியோகத்தர் எல்லாருக்கும் தாய்மார் சொல்லிக் கொடுத்த பாடம். சிவப்பிக்குள்ளும் எப்போதும் இடது கைதான் போகும். இன்றைக்கு இடது கையில் பச்சைக் காயம். காலிதீன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, வலது கையை முழங்கைக்கு மேல் உள்ளே விட்டான்.

உள்ளே அடுப்பங்கரைச் சூடு. விரல்கள் வைக்கோல் கூழைத் துழாவின. ஒரு பை தட்டுப்பட்டது.

அதற்குப் பின்னால் இன்னொன்றும் தட்டுப்பட்டது.

ஓர் உள்ளங்கை அவன் உள்ளங்கையில் வந்து பொருந்தியது. விரல்கள் அவன் விரல்களைச் சுற்றி மடங்கின.

கடுமையாக அல்ல. பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் கை நீட்டி ஸலாம் கொடுப்பாரே, அந்த மாதிரி. மெதுவாக மேலும் கீழும் அசைத்தது.

பிறகு விடவில்லை.

காலிதீன் இழுத்தான். காலைச் சிவப்பியின் தொடையில் ஊன்றி இழுத்தான். எவ்வளவு நேரம் அப்படி நின்றானோ, கீழே பார்த்தபோது தண்ணீர் கொட்டிலுக்குள் வந்து முழங்காலைத் தொட்டிருந்தது.

கனகரெத்தினம் நனைந்து ஊறிப்போய் ஓடிவந்தான்.

"சேர், குளத்து வெள்ளம் திரும்பிட்டு. மாட்ட அவுப்பம்."

"அண்ண" என்றான் காலிதீன் மெல்ல. "உள்ளுக்கு ஆரோ என்ட கையப் பிடிச்சிரிக்கி."

கனகரெத்தினம் சிரிப்பான் என்று நினைத்தான். அவன் சிரிக்கவில்லை. கிட்ட வந்து பார்த்தான்.

"எந்தக் கை சேர் விட்ட நீங்க?"

"சோத்துக் கை."

வீரமுனைக்காரன் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டான். அவன் சொன்னதை மழைக்குள் காலிதீன் பாதிதான் கேட்டான். அந்தப் பாதியே போதும். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி, எழுபத்தெட்டுச் சூறாவளியன்று, இதே இடத்தில் அதாவுல்லா என்று ஒரு உத்தியோகத்தர் நின்றிருந்தார். மனைவிக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்து வீட்டுக்கு வெளிக்கிட்டவர், வைக்கோல் பையை எடுத்துவிட்டுப் போகிறேன் என்று திரும்பி வந்தார். கூரைத் தகரம் பறந்தது.

"தகரம் வலக்கைய முழங்கையோட கொண்டு போயிட்டு சேர். தேடாத இடமில்ல. கையில்லாமத்தான் அடக்கினாங்க. அந்தாள் பிள்ளைட முகமும் பாக்கல்ல. சிவப்பிய எங்கட ஊர் வயலுக்க கண்டு பிடிச்ச நான்தான். மூடி இறுக்கிப் பூட்டிக் கிடந்தது. ஆர் பூட்டின எண்டு இண்டைக்கும் தெரியா."

"மாட்டுக்குள்ள பாக்கல்லையா?"

"அதுக்குள்ள ஆர் சேர் தேடுவான்?"

உள்ளே அந்தக் கை இன்னொரு முறை அசைத்தது.

சிவப்பிக்கு நிற்க ஏலாமல் வந்தது. முன்னங்கால் இரண்டையும் மடித்தாள். அவள் தாழத் தாழக் காலிதீனும் தாழ்ந்தான். தண்ணீர் இடுப்பில், நெஞ்சில். இடது பக்கம் சாய்ந்தாளென்றால் அவனும் அவளுக்கடியில்தான். கனகரெத்தினம் கயிற்றைத் தோளில் போட்டு அவளுடைய தலையைத் தூக்கிப் பிடித்தான்.

"கத்தி எடுங்க அண்ண. வெட்டுங்க."

"எதை சேர் வெட்ட?"

காலிதீனுக்குக் கைருன்னிஸாவின் முகம் நினைவுக்கு வந்தது. இந்நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவனுக்கு அழுகை வந்தது. சாணி நாறும் தண்ணீர் தாடையைத் தொட, சிவப்பியின் விலாவில் முகத்தை வைத்து அழுதான்.

ஸலாம் கொடுத்தால் பதில் சொல்லவேண்டும். அது அப்போதுதான் தோன்றியது.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றான்.

பிடி கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அசையாமல் நின்றது.

"அதாவுல்லா காக்கா, என்ன விடுங்க. என்ட பொஞ்சாதிக்குப் புள்ள கிடைக்கப் போகுது. நான் ஊட்ட போகணும்."

வீடு என்ற சொல்லுக்கு அந்த விரல்கள் நடுங்கின. நடுங்கிவிட்டு முன்னைவிட இறுகின. எலும்பு நொறுங்கும்போல் வலித்தது. தண்ணீர் வாய்க்குள் வந்தது. அந்த நேரத்தில் மனிதன் எதைத்தான் சொல்லமாட்டான்.

"நீங்களும் வாங்க காக்கா. ரெண்டு பேரும் ஊட்ட போவம்."

கை விட்டது.

காலிதீன் மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தான். அவனோடு நைலோன் பைகளும் வெளியே வந்து மிதந்தன. சிவப்பி தானாகவே எழுந்து நின்றாள், பெரிய பாரம் இறங்கியவள் மாதிரி. கனகரெத்தினம் மட்டும் அவனைத் தூக்கிவிட வரவில்லை.

"என்ன சேர் செஞ்ச நீங்க" என்றான். "அப்பிடிக் கூப்பிடலாமா?"

நெல் ஏற்றப் போன ஒரு டிரக்டர் அவனைத் தாம்போதி கடத்திவிட்டது. வீட்டுக்குப் போகும்போது இருட்டி, மஃரிப் தொழுகையும் முடிந்திருந்தது. பிள்ளையும் பிறந்திருந்தது. ஆண். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்று மாமி சொன்னபோது காலிதீன் கிணற்றடியிலேயே குந்திவிட்டான். சவர்க்காரம் தேய்ந்து போகும் வரைக்கும் குளித்தான். தொழுகைக்குப்போல் முகம் கைகால் கழுவி வுழூச் செய்தான். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை.

மாமி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"காதில பாங்கு சொல்லுங்க மகன். உங்களுக்காகத்தான் வெச்சிரிக்கம்."

இரண்டு கையாலும் ஏந்தி, மக்காத் திசையான கிப்லாவைப் பார்த்து, தொழுகைக்கு அழைக்கிற அந்தப் பாங்கைத் தணிந்த குரலில் காதில் சொன்னான். இவ்வளவு சந்தோஷத்தை அவன் அதற்குமுன் அறிந்ததில்லை. பிள்ளையோடு கட்டிலடிக்குப் போனான். கைருன்னிஸா களைத்துப்போய்ச் சிரித்தாள். பிறகு அவளுடைய சிரிப்புக் குறைந்தது.

"புள்ளைட கைய விடுங்க" என்றாள். "பச்ச மண். நோகும்."

காலிதீன் குனிந்து பார்த்தான்.

அவனுடைய கைகள் இரண்டும் பிள்ளைக்கு அடியில் இருந்தன.

துணிக்கு வெளியே, அந்தச் சின்ன வலது கை நீட்டியபடி நின்றது. அதன் தோல், விரல்கள் மடங்கிப் பிடித்ததுபோல், சுற்றிவர அமுங்கி வெளிறியிருந்தது. அது மெதுவாக மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது.