சண்டை நாளில் சேமிப்பதில்லை

செவ்வாயில் குடியேறியவர்கள் படுக்கப்போகும்முன் பல் தேய்ப்பார்கள், கதவைத் தாழிடுவார்கள், பிறகு காதுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தித் தங்களைச் சேமித்துக்கொள்வார்கள்.

அங்கே மனித மூளை தனியாகத் தாக்குப்பிடிக்காது. கதிர்வீச்சு அதன் பாதைகளை அரித்துவிடும். அதனால் வந்து இறங்கியதுமே மண்டைக்குள் ஒரு நினைவுத் திசைவியைப் பொருத்திவிடுவார்கள். எந்த நினைவு எந்த வழியில் போக வேண்டும் என்பதை அதுதான் பார்த்துக்கொள்ளும். புதிதாகப் பார்த்தது, கேட்டது, அழுதது எல்லாம் முதலில் அதன் ஓடுநினைவில் இருக்கும். சேமித்தால் நிலைநினைவுக்குப் போகும். சேமிக்காமல் மின்சாரம் போனால் போனதுதான். மறுபடி இயங்கும்போது, கடைசியாகச் சேமித்த நாளில் போய் நிற்கும்.

இவ்வளவு தெரிந்தும் ஜனங்கள் ஒரு வழக்கத்தைக் கிளப்பிவிட்டார்கள். சண்டை நாளில் சேமிக்கக் கூடாதாம், கோபமும் சேர்ந்து படிந்துவிடுமாம். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று பொறியாளர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். யார் கேட்டது?

ஜெசிந்தா ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சேமிக்கவில்லை.

தூத்துக்குடியில் அவள் அம்மா படுத்த படுக்கையானபோது, ஒரே வாரத்தில் பூமிக்குப் போய்ச் சேரும் கப்பலில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துவரச் சொல்லிக் கணவன் அருளப்பனை அனுப்பினாள். இடம் இருந்தது. அவனுக்கோ ஆக்சிஜன் ஆலையில் பதவி உயர்வு வரும் சமயம். வீட்டைப் பார்த்துக்கொள்ள அவள் வேண்டும். அடுத்த கப்பலில் போகலாம் என்று முடித்துவிட்டான். அடுத்த கப்பல் இரண்டு வருஷம் கழித்து. அம்மா இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அடக்கத்தை ஜெசிந்தா திரையில்தான் பார்த்தாள்.

தப்பு தன்னுடையது என்று அவன் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அவன் மருந்து வாங்கி வருவான், பாத்திரம் கழுவி வைப்பான், அதை மட்டும் சொல்ல மாட்டான். தன்னை மட்டும் தவறாமல் சேமித்துக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை சண்டை போடுவது அவள்தானே!

ஒரு நாள் சூரியப் புயல் எச்சரிக்கை வந்தது. எல்லாரும் தங்களைச் சேமித்துவிட்டுத் திசைவியை முறைப்படி அணைக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருந்தால் புயல் அதைத் தீய்த்துவிடும். அணைக்காதவர்களுக்குக் குடியிருப்பு நிலையமே மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

அருளப்பன் தன்னைச் சேமித்து முடித்தான். ஜெசிந்தா பொத்தானில் விரலை வைத்தபடி அவனெதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா போனத இந்த வெறுப்போட வச்சிருக்க என்னால முடியலங்க. ஒரு வார்த்த சொல்லிருங்க, சேமிச்சிட்டு அணைச்சிருதேன்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? நேரமாச்சு, அணை."

அவள் விரலை எடுத்துவிட்டாள். அவனுக்கு வார்த்தை தொண்டைவரை வந்தது. அவளே இறங்கி வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். நிலையம் துண்டித்துவிட்டது.

புயல் ஓய்ந்து விழித்தபோது அவனுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஜெசிந்தா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கண்டு ஒரு வருஷத்துக்கு மேலான சிரிப்பு அது. கிட்டே வந்து அவன் கலைந்த தலைமுடியைக் கோதிவிட்டாள். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தப்பு என்னோடதுதான் ஜெசி. மன்னிச்சிரு."

"எதுக்குங்க?"

உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. சண்டைக்கு முந்தைய இரவில் அல்லவா அவள் நிற்கிறாள்.

"எந்திரிச்சதும் எதுக்கு அழுவுதீங்க? கப்பல்ல இடம் இருக்கான்னு கேட்டீங்களா? அம்மா வழி பார்த்துட்டு இருப்பாங்க."

சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் அவள் அம்மா இன்னொரு முறை சாக வேண்டும், இந்தச் சிரிப்பும் போய்விடும். பாவி, அவனுக்கு மனம் வரவில்லை. கேட்டுவருகிறேன் என்றான். அதற்கு முன் அவளைச் சேமித்துக்கொள்ளச் சொன்னான். அவளும் மறுபேச்சில்லாமல் சேமித்தாள்.

பிறகு, வந்துகொண்டே இருக்கிறேன் என்று அம்மாவுக்குச் சேதி பதிவு செய்ய உட்கார்ந்தாள். முகம் இருட்டாகத் தெரிகிறது என்றாள். அருளப்பன் எழுந்துபோய் விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.