அம்மா விட்டுப்போன இருக்கை

சுண்டுவின் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நின்றது. அதன் பெயர் நத்தை. பெயர் வைத்தது சுண்டுதான். நத்தைக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நத்தையை ஓட்டியவர் அம்மா. அம்மா குள்ளம். இருக்கையை 'கடக், கடக்' என்று முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்து ஓட்டுவார். ஏழு மாதங்களுக்கு முன், கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குப் போனார். திரும்பி வர இன்னும் ஒரு வருடம் ஆகும்.

அப்பா நெட்டை. அவர் வேலை செய்த அச்சகம் ஊரின் மறுகோடிக்கு மாறிவிட்டது. தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். இரவில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி வழிவார். இனி நத்தைதான் கதி என்று ஒருநாள் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. இருக்கையைப் பின்னால் தள்ளினால் அசையவில்லை. மழைத் தண்ணீர் இறங்கி, அது நகரும் இரும்புத் தடம் துருப்பிடித்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். அப்பாவின் தங்கை, மெக்கானிக். இருக்கையை வெளியே எடுத்தால்தான் தடத்தைச் சுத்தம் செய்ய முடியும் என்றார். அதற்கு நான்கு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். மூன்று கழன்றுவிட்டன. நான்காவது மசியவே இல்லை. அப்பா ஒரு நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்பேனரில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

"அதைக் கீழ போடுண்ணா. தலை மட்டும் கையோட வந்துரும், உடம்பு உள்ளயே மாட்டிக்கும்" என்றார் அத்தை.

சுண்டு அவசரமாக அப்பாவின் தலையைப் பார்த்தாள். நல்லவேளை, அத்தை சொன்னது போல்ட்டின் தலையை.

காலையும் மாலையும் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் துரு மெல்ல இளகும், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று அத்தை சொன்னார். எண்ணெய் டப்பா சுண்டுவின் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை சுண்டு டப்பாவோடு நத்தைக்குள் ஏறினாள். அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். கடைசியாக இதை இழுத்துப் போட்டது அம்மாவின் கை. இது நகர்ந்துவிட்டால், வீட்டில் அம்மா வைத்தது வைத்தபடி இருக்கும் ஒரே இடமும் போய்விடும். ஒரு சொட்டுக்கூட விடாமல் இறங்கிவிட்டாள். செவ்வாயும் அப்படியே.

புதன்கிழமை மாலை அவள் வந்தபோது இருக்கையில் அப்பா இருந்தார். வாசல்வரை வந்தவர் வீட்டுக்குள் போகாமல் இங்கே ஏறியிருக்கிறார். பெட்டிக்குள் மடித்து வைத்த ஏணி போல இருந்தார். சுண்டு பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"அப்பா, நான் எண்ணெயே விடல."

"தெரியும். டப்பா நெறஞ்சே இருக்கு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

அப்பா ஸ்டியரிங்கைத் தடவினார். "கேட்டா நீ விட்டுருவியே. இங்க உக்காந்தா அவ பக்கத்துல இருக்கற மாதிரி இருக்குடா."

தனக்கு மட்டும்தான் அப்படி என்று சுண்டு நினைத்திருந்தாள். அவள் அப்பாவின் கண்களைப் பார்த்தாள். அவை ஏக்கத்தில் பாதி, தூக்கத்தில் பாதி மூடியிருந்தன. நாளைக்கும் இரண்டு பஸ் இருக்கிறது.

அவள் வீட்டுக்குள் ஓடி, அம்மாவின் சிவப்பு நெய்ல்பாலிஷை எடுத்து வந்தாள். குனிந்து, இருக்கை நின்ற இடத்தில் தடத்தின் துருவைச் சுரண்டிவிட்டு, ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். பிறகு நான்காவது போல்ட்டுக்கு எண்ணெய் விட்டாள். நாலு சொட்டுக்குப் பதில் எட்டு, விட்டுப்போன பாக்கியில் கொஞ்சம் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை அத்தை போல்ட்டை முதலில் இறுக்கும் பக்கமாக நூலளவு திருப்பினார். பிறகு கழற்றும் பக்கம். மறுபடி இறுக்கும் பக்கம். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'டக்' என்று ஒரு சத்தம். தலையும் உடம்பும் சேர்ந்தே வெளியே வந்தன.

தடத்தைத் தேய்த்து, எண்ணெய் பூசி, இருக்கையைத் திரும்பப் பொருத்தினார்கள். அப்பா பின்னால் தள்ளியபோது சுண்டு சத்தத்தை எண்ணினாள்.

அன்று அம்மா போனில் பேசினார். "என் சீட்டைத் தள்ளிட்டீங்களாமே" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் குரல் இறங்கியிருந்தது.

"ஒன்பது கடக்தான்மா. நீ வந்ததும் ஒன்பது கடக் முன்னாடி இழுத்தா போதும். நீ விட்ட இடத்துல உன் நெய்ல்பாலிஷால கோடு போட்டு வெச்சிருக்கேன்."

மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சினார். "அந்தச் சிவப்பா? அதைத்தான் இங்க பெட்டி பூரா தேடினேன்."

இப்போது அப்பா நத்தையில்தான் வேலைக்குப் போகிறார். சனிக்கிழமை மாலைகளில் நத்தை சுண்டுவுக்கு. இருக்கையை ஒன்பது கடக் முன்னால் இழுத்து, சிவப்புக் கோட்டில் நிறுத்தி, சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு தடத்துக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ஒன்பது கடக் பின்னால் தள்ளிவிட்டு இறங்குவாள்.

அம்மா வரும் நாளில் அது சிக்கிக்கொள்ளக் கூடாது, இல்லையா?